அப்பாவின் நெபுலைசரில் நானோ மருந்து ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருடம் நெல் அரவை மில்லில் வேலை பார்த்தவர். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாளடைவில் குறுகி மூச்சு வாங்குகிற நோய் என்று சொல்லி இன்ஹேலரும், மருந்தைப் புகைபோல ஆக்கித் தருகிற நெபுலைசரும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது, போன முறை ஐசியூ வரை போய்விட்டது. வைரஸ் மருந்தை நானோ துகளில் ஏற்றி நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. அது இங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால், போன முறை மிச்சமான டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்து கேப்ஸ்யூலைப் பிரித்து சலைனில் கலந்து நெபுலைசரில் வைக்கலாமா என்று தம்பி கேட்கிறான். சொந்தக்காரர் ஒருவர் 'நானோ சில்வர்' என்று ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்து ஐந்து சொட்டு விடச் சொல்கிறார். இன்னும் விடவில்லை. நானோ என்றாலே உடம்பில் தங்கிவிடும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். — ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமான இரண்டு விஷயம். அந்தப் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டுகூட நெபுலைசரில் விடாதீர்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கலக்கும் யோசனையைத் தம்பி இன்றோடு விட்டுவிடட்டும். விடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'கூடாது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த மழைக்கு இன்னொருவர் இன்னொரு பாட்டிலோடு வருவார், அப்போது நீங்களே அவருக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தை மூச்சில் இழுக்கிற வடிவத்துக்குக் கொண்டுவருகிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அப்பாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மருந்து நுரையீரலுக்குள் எப்படிப் போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பது என் அன்றாட வேலை, அதை என்னால் சொல்ல முடியும்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: கிடைக்காது. ஃப்ளூ, கொரோனா, ஆர்எஸ்வி மாதிரி மூச்சுப்பாதை வைரஸ்களுக்கு, நானோ துகளில் ஏற்றி மூச்சில் இழுக்கும்படி அனுமதி பெற்ற மருந்து இந்தியாவில் இல்லை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இல்லை. யாராவது 'எங்களிடம் இருக்கிறது' என்றால் நம்ப வேண்டாம். அதே சமயம் அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை. ஆராய்ச்சி உண்மை, அதன் பின்னால் இருக்கிற யோசனையும் நல்ல யோசனை.

நீங்கள் கடைமடைக்காரர், உங்களுக்குச் சட்டென்று புரியும். மேட்டூரில் திறந்துவிடுகிற தண்ணீர் எத்தனை வாய்க்கால், எத்தனை மதகு தாண்டி உங்கள் வயலுக்கு வருகிறது, வரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது? வாயால் விழுங்குகிற மருந்தின் கதையும் அதுதான். குடலில் கரைந்து, கல்லீரலில் ஒரு பங்கு சிதைந்து, மீதி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் நனைத்துவிட்டு, மூச்சுக்குழாயின் உள்வரிச் செல்களில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிற அந்த இடத்துக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். 2020இல் கொரோனாவுக்கு ஃபாவிபிராவிர் எழுதிக் கொடுத்தபோது முதல் நாள் ஒரு வேளைக்கு 1,800 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தால் ஒரே நேரத்தில் 9 மாத்திரை விழுங்கச் சொன்னார்களே, நினைவிருக்கும். ரெம்டெசிவிர் இன்னும் சிக்கலானது. அதை வாயால் கொடுத்தால் முதல் சுற்றிலேயே கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால்தான் நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது, அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் கிடைக்கும் மருந்தாகவும் இருந்தது.

அப்படியானால் மூச்சிலேயே இழுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஆர்எஸ்வி தாக்கிய குழந்தைகளுக்கு ரிபாவிரினைப் புகைபோலத் தெளித்து மூச்சில் கொடுக்க அமெரிக்காவில் 1985லேயே அனுமதி கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் அந்தப் புகைக்குள் குழந்தை இருக்க வேண்டும். ஃப்ளூவுக்கு ஸனாமிவிர் என்ற மருந்து 1999இல் வந்தது. அது நுண்ணிய பொடி, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோடு கலந்து இழுக்க வேண்டும். வாயால் விழுங்கினால் 2 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்பதால் வேறு வழியில்லாமல் மூச்சு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தப் பொடியை இழுத்தால்கூட முக்கால்வாசிக்கு மேல் தொண்டையிலேயே படிந்துவிடுகிறது, நுரையீரலுக்குப் போவது ஏழில் ஒரு பங்கு அளவுதான். இன்னொன்று, இது உங்கள் அப்பாவுக்கு முக்கியம்: ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர்களுக்கு அந்தப் பொடி மூச்சுக்குழாயைச் சட்டென்று இறுக்கிவிடலாம் என்பதால் அவர்களுக்கு ஸனாமிவிர் பரிந்துரைப்பதில்லை. எந்த நுரையீரலுக்கு உதவி அதிகம் தேவையோ அந்த நுரையீரலுக்கே அந்த மருந்து ஆகாது. என்னைப் போன்றவர்கள் நானோ பக்கம் திரும்பியதற்கு இந்த மாதிரி முட்டுச்சந்துகள்தான் காரணம்.

இங்கேயே தம்பியின் கேள்வியை முடித்துவிடுகிறேன். 2009இல் பன்றிக்காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியபோது, ஸனாமிவிர் பொடியைக் கரைத்து, வென்டிலேட்டரில் இருந்த ஒரு நோயாளிக்கு நெபுலைஸ் செய்தார்கள். அதில் இருந்த லாக்டோஸ் பிசுபிசுத்து இயந்திரத்தின் பாதையை அடைத்துக்கொண்டது, அந்த நோயாளி இறந்துவிட்டார். அந்த அக்டோபரிலேயே மருந்தைத் தயாரித்த நிறுவனம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நோக்கமும் நல்லதுதான். மருந்து சரியாக இருந்தாலும் அதோடு சேர்ந்த மாவு, சர்க்கரை, பசை எல்லாம் எந்த வழிக்காகச் சேர்க்கப்பட்டதோ அந்த வழிக்கு மட்டும்தான் சரி. கேப்ஸ்யூலில் இருப்பவை குடலுக்காகச் சேர்த்தவை.

டாமிஃப்ளூ விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைத் தம்பியிடம் அவசியம் சொல்லுங்கள். கேப்ஸ்யூலுக்குள் இருக்கிற ஓசெல்டாமிவிர் அந்த உருவத்தில் வைரஸை ஒன்றும் செய்யாது. கல்லீரலில் இருக்கிற ஒரு நொதி அதை வெட்டிய பிறகுதான் அது வேலை செய்கிற மருந்தாக மாறுகிறது. நேராக நுரையீரலில் தெளித்தால் அந்த வெட்டு சரியாக நடக்காது. வாயால் விழுங்கினாலோ, முக்கால் பங்குக்கு மேல் வேலை செய்கிற மருந்தாக மாறி ரத்தத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆக, அந்த மருந்துக்கு விழுங்குவதுதான் சரியான வழி, அதை நானோவாக மாற்றி ஆகப்போவதும் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லா மருந்துக்கும் நானோ தேவை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, எந்த மருந்துக்கு நானோ உதவும்? தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிற மருந்துக்கு. போன வேகத்தில் நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு ஓடிவிடுகிற மருந்துக்கு. செல்லுக்குள் தானாக நுழையத் தெரியாத, வழியிலேயே உடைந்துபோகிற ஆர்என்ஏ (செல்லுக்குக் கட்டளை கொண்டுபோகிற மரபுச் செய்தி) மாதிரிச் சரக்குக்கு. இவற்றை மிகச் சின்ன கொழுப்பு உருண்டைக்குள்ளோ, உடம்பில் தானே கரைகிற பாலிமர் உருண்டைக்குள்ளோ அடைக்கிறோம். கொழுப்பு உருண்டைக்கு லிப்போசோம் என்று பெயர், 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்னது. அளவு எவ்வளவு என்றால், தலைமுடியின் குறுக்களவு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர், ஃப்ளூ வைரஸ் 100 நானோமீட்டர் அளவு, நாங்கள் செய்கிற உருண்டையும் பெரும்பாலும் 100க்கும் 300க்கும் நடுவில். வைரஸ் அளவுள்ள பெட்டியில் வைரஸுக்கான மருந்தை வைத்து அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. சின்னதாக இருந்தால் ஆழமாகப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். நுரையீரலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 5 மைக்ரானுக்கு மேலே உள்ள துளி (1 மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) தொண்டை வளைவில் மோதி நின்றுவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளது உள்ளே போய்ப் படியும். அரை மைக்ரானுக்கும் 0.1 மைக்ரானுக்கும் நடுவில் உள்ளது படியாமல் மிதந்து, விடுகிற மூச்சோடு பெரும்பகுதி வெளியே வந்துவிடும். நம் நானோ உருண்டைகள் பலவும் இந்த மிதக்கிற அளவுதான். அதனால் உருண்டையைத் தனியாக அனுப்ப முடியாது, பல உருண்டைகளை 3 மைக்ரான் அளவுள்ள ஒரு நீர்த்துளியிலோ பொடித்துகளிலோ ஏற்றி அனுப்ப வேண்டும். துளி பஸ், உருண்டை பயணி. பஸ் சரியான நிறுத்தத்தில் நிற்க வேண்டும், நின்ற பிறகு பயணி இறங்கி நடக்க வேண்டும்.

இறங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம். மூச்சுக்குழாய் முழுக்கச் சளிப்படலம். நாம் சளி என்றாலே அழுக்கு என்று நினைக்கிறோம், அது ஒரு வலை, உள்ளே வருகிற தூசியையும் கிருமியையும் ஒட்டவைத்துப் பிடிக்கிறது. அடியில் இருக்கிற நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியை மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவந்துவிடும், நாமும் அறியாமல் விழுங்கிவிடுவோம். ஒட்டுகிற உருண்டை எதுவானாலும் அந்த வழியாகவே வெளியேற்றம். அதனால் உருண்டைமேல் பெக் என்ற வழுவழுப்பான பாலிமரை அடர்த்தியாகப் பூசினால் சளியில் ஒட்டாமல் வலைக்கண் வழியாக நழுவிப்போகும் என்று 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு காட்டியபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அது நல்ல திருப்பம். ஆனால் சிஓபிடியில் சளி அதிகம், கெட்டி, மூச்சுக்குழாயும் குறுகல். ஆரோக்கியமான ஒருவருக்குள் சமமாகப் பரவுகிற துளிகள், உங்கள் அப்பாவுக்குள் குறுகலான இடங்களிலேயே குவிந்துவிடலாம். அதையும் தாண்டினால் காற்றறைகளில் பெருவிழுங்கிச் செல்கள் காத்திருக்கின்றன, அந்நியமான எதையும் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை 150 நானோமீட்டரில் அழகான உருண்டைகள் செய்தோம், எல்லாம் ஒரே அளவு, மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. நெபுலைசரில் ஊற்றி, வெளியே வருகிற புகையை காஸ்கேட் இம்பாக்டர் என்கிற கருவியில் பிடித்தோம். அது ஒரு செயற்கைத் தொண்டையும் அடுக்கடுக்கான தட்டுகளும் கொண்ட உலோகப் பெட்டி, எந்த அளவுத் துளி எந்தத் தட்டில் விழுகிறது என்று எடை போட்டுப் பார்க்கலாம். பார்த்தால் உருண்டைகள் காற்று அடிக்கிற வேகத்தில் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, மருந்தில் பெரும்பகுதி உருண்டையை விட்டு வெளியே, மிச்சம் நெபுலைசர் கிண்ணத்தின் சுவரில். கண்ணாடிக் குப்பியில் இரண்டு வருடம் செய்த வேலை கிண்ணத்தில் பத்து நிமிடம் தாங்கவில்லை. சாதாரண நெபுலைசரில் ஊற்றினால் நானோ நானோவாகவே உள்ளே போகும் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்காக முடியவே முடியாது என்று சொல்ல வரவில்லை, ஒரு இடத்தில் முடிந்திருக்கிறது. அமிக்காசின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கை 300 நானோமீட்டர் அளவு லிப்போசோமில் அடைத்து, காசநோய்க் கிருமியின் உறவான இன்னொரு கிருமி நுரையீரலில் பிடிவாதமாகத் தங்கிவிட்டவர்களுக்கு, மூச்சில் இழுக்கும் மருந்தாக 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். பெருவிழுங்கிச் செல் விழுங்கிவிடும் என்று மேலே குறை சொன்னேனே, அங்கே அதுவே நன்மையாகிவிட்டது, ஏனென்றால் அந்தக் கிருமி ஒளிந்திருப்பதே அந்தச் செல்லுக்குள். ஆனால் கவனியுங்கள்: அந்த மருந்தை அதற்கென்றே செய்த நெபுலைசரில் மட்டும்தான் வைக்க வேண்டும், அப்படி வைத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மருந்து தெளிக்கும்போதே உருண்டையை விட்டு வெளியேறிவிடுகிறது. மூச்சு இறுக்கம், இருமலில் ரத்தம், நுரையீரல் ஒவ்வாமை வரலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையோடுதான் விற்கிறார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, மாதக்கணக்கில் தினமும் இழுப்பது. வைரஸ் விஷயத்தில் அத்தனை அவகாசம் கிடையாது.

வைரஸ் பக்கம் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வேலை 2021இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கிலும் எமரி பல்கலைக்கழகத்திலும் ஃபிலிப் சான்டஞ்செலோ குழு செய்தது. வைரஸின் ஆர்என்ஏவைத் தேடி வெட்டுகிற ஒரு புரதத்துக்கான குறிப்பை பாலிமர் துகளில் ஏற்றி நெபுலைசர் வழியாகக் கொடுத்தார்கள், எலிகளில் ஃப்ளூ வைரஸும் ஹாம்ஸ்டர்களில் கொரோனா வைரஸும் குறைந்தன. மருந்தே இல்லாத புது வைரஸ் வந்தால், அதன் மரபணு எழுத்து வரிசை தெரிந்த உடனே இந்த வழியில் ஆயுதம் செய்துவிடலாம் என்ற வாசல் அங்கே தெரிகிறது. நீங்கள் பார்த்த வீடியோ இந்த மாதிரி வேலைகளில் இருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த எலிக்கு எந்த மணிக்கு வைரஸ் கொடுத்தோம் என்று ஆய்வாளருக்குத் தெரியும். உங்கள் அப்பாவுக்கு எப்போது தொற்றியது என்று யாருக்குத் தெரியும்? சந்தையில் யாரோ தும்மினார், மூன்றாம் நாள் உடம்பு வலித்தது, மழையில் நனைந்ததால் என்று கஷாயம் குடித்தார், ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது, ஆறாம் நாள் ஆஸ்பத்திரி. இந்த ஆறு நாளில் முதல் பாதியில்தான் வைரஸ் வெறியோடு பெருகுகிறது. ஆறாம் நாள் அவரைத் திணறடித்தது பெரும்பாலும் வைரஸ் கிளப்பிவிட்ட வீக்கமும் அதன்மேல் வந்து உட்கார்ந்த பாக்டீரியாவும்.

இது வெறும் ஊகமில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நின்றவர்களின் அப்பாவோ கணவரோ ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தார்கள். அந்த நிலையில் அந்த மருந்தின் பலன் மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. அதே மருந்தை, அதே மாதிரி நரம்பில், ஆனால் அறிகுறி தொடங்கிய 7 நாளுக்குள், இன்னும் ஆஸ்பத்திரியில் சேராத ஆபத்து அதிகமுள்ள 562 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று நாள் கொடுத்தும் மீதிப் பேருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். மருந்து பெறாதவர்களில் 15 பேருக்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்டது, பெற்றவர்களில் 2 பேருக்கு. மருந்து மாறவில்லை, போன வழி மாறவில்லை, நாள்தான் மாறியது. வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு என்னை வாட்டும்.

நானோ துகள் மருந்தைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், தவறிப்போன நாளைத் திருப்பித் தராது. நாளைக்கே அப்படி ஒரு மருந்து கடைக்கு வந்தாலும் அதையும் முதல் இரண்டு நாளில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், அந்த இரண்டு நாளைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் இப்போது இருக்கிற சாதாரண கேப்ஸ்யூலே உங்கள் அப்பாவுக்கு நிறையச் செய்யும்.

நானோ உடம்பில் தங்கிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். அது எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. லிப்போசோம் கொழுப்பால் ஆனது. நம் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவுகிற இயற்கைத் திரவத்திலும் அதே இனக் கொழுப்புதான் இருக்கிறது, அதனால் உடம்பு அதை உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். கரைகிற பாலிமர் சில நாளிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். தங்கம், வெள்ளி மாதிரி உலோகம் அப்படிச் சிதையாது. கொரோனா தடுப்பூசியால் நானோ உள்ளே போய்விட்டது என்று பயப்படுகிறீர்கள் என்றால், நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் கொழுப்பு நானோ துகள் கிடையாது, அது ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருந்தது.

இப்போது அந்தப் பாட்டில். வெள்ளித் துகள் சோதனைக் குழாயில் சில வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும், அது உண்மை. அடுப்புச் சாம்பலும் சோப்புத் தண்ணீரும்கூடத் தடுக்கும், அதை மூச்சில் இழுப்போமா? வெள்ளிக் கரைசல் எந்த நோய்க்கும் பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999லேயே அறிவித்துவிட்டது, 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மருந்து என்று அதை விற்றவர்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பியது. தொடர்ந்து உட்கொண்டால் வெள்ளி தோலில் படிந்து உடம்பு நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிடும், பிறகு அது போகாது. மூச்சில் போனால் அது நேராக நுரையீரல் திசுவில் உட்காரும், வெள்ளித் துகளைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி வந்திருக்கிறது. முப்பது வருடம் உமித்தூசி இழுத்த நுரையீரலுக்கு இன்னொரு தூசியைக் காசு கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டாம். வாங்கிக் கொடுத்த உறவினர் அக்கறையில்தான் கொடுத்திருக்கிறார், அவரிடம் கோபப்படாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது. பழைய மருந்தே ஆனாலும் புது வகையில் உடம்புக்குள் செலுத்துகிற வடிவத்துக்கு மாற்றினால் அதைப் புது மருந்தாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, அதே வருடம் அக்டோபரில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நானோ மருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. மருந்து என்று விற்கிற எதிலும் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். யாராவது 'பரிசோதனையில் இருக்கிற மருந்து, உங்களுக்காக வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்டால், அந்தப் பரிசோதனை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எந்த எண்ணில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். 2009இல் இருந்து அங்கே பதிவு செய்வது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

இனி செய்ய வேண்டியது. இப்போது ஆவணி, அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நம் பக்கம் ஃப்ளூ தலைதூக்குவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், அது வருடா வருடம் போட வேண்டியது, போட்டபின் உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். நிமோனியா தடுப்பூசி போட்டாரா என்றும் கேளுங்கள். தடுப்பூசி போட்டாலும் ஃப்ளூ வரலாம், ஆனால் ஐசியூ வரை போகிற வாய்ப்பு குறையும்.

அதே சந்திப்பில் இன்னொன்றும் பேசி வைத்துவிடுங்கள்: 'இவருக்குக் காய்ச்சலோ திடீர் உடம்பு வலியோ வந்தால் அன்றைக்கே உங்களை எப்படிப் பிடிப்பது, பரிசோதனை எங்கே எடுப்பது, ஓசெல்டாமிவிர் எப்போது தொடங்குவது?' அந்த மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக உதவும். சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கக் கூடாத மருந்து என்பதால் முன்கூட்டிப் பேசி வைத்தால் அந்த நேரத்தில் அலைய வேண்டியதில்லை. அப்பாவின் கிரியேட்டினின் அளவை, அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை முடிவை, கையில் வைத்திருங்கள், சிறுநீரகம் மெதுவாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மிச்சமான பழைய கேப்ஸ்யூலை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள், பாதி அட்டை ஒரு முழு வைத்தியத்துக்குப் போதாது.

காய்ச்சல் வந்தாலும் வழக்கமான இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. நெபுலைசரில் மருத்துவர் எழுதிய ரெஸ்ப்யூலும் (நெபுலைசருக்கென்றே மருந்து அடைத்த சின்னக் குப்பி) அவர் சொன்னால் சலைனும் மட்டும். பியூடெசோனைடு ரெஸ்ப்யூல் இருந்தால் திறக்கும் முன் நன்றாகக் குலுக்குங்கள், அந்த மருந்து கரையாமல் மிதக்கிற நுண்துகளாக இருக்கிறது, குலுக்காவிட்டால் அடியிலேயே தங்கிவிடும். கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு முறையும் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ஆக்சிமீட்டர் இருந்தால் நன்றாக இருக்கும்போதே அவருக்கு எவ்வளவு காட்டுகிறது என்று காலண்டரில் எழுதி வையுங்கள், அதில் இருந்து எவ்வளவு குறைந்தால் கிளம்ப வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பேசும்போது ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலமாகத் தெரிந்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், எண் எதுவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

சில்வர் பாட்டிலைக் குப்பையில் போட வேண்டாம், மூடியை இறுக்கி ரசீதோடு எடுத்து வையுங்கள். உங்கள் பகுதி மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள், அதே பாட்டில் பக்கத்துத் தெருவில் இன்னொரு நெபுலைசருக்குப் பக்கத்தில் இருக்கலாம்.